டீமேக்கரம்மா

அவளுடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நாலு வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். அவள் வீட்டு நாரத்தங்காய் ஊறுகாய் என் வீட்டிலும், என் வீட்டு இடியாப்ப உரல் அவள் வீட்டுக் குசினியிலும் மாதக்கணக்கில் கிடந்தன. ஆனாலும் பெயர் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகத்தர் வீட்டுப் பெண்களுக்குப் பெயர் கிடையாது. என் வீட்டுக்காரர் பெரிய கிளாக்கர், ஆகவே நான் கிளாக்கரம்மா. அவள் புருஷன் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர், ஆகவே அவள் டீமேக்கரம்மா. லயத்துத் தொழிலாளர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நாங்களும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். என்னை என் பெயர் சொல்லிக் கடைசியாகக் கூப்பிட்டவர் பதுளைக் கோயிலில் எங்கள் கலியாணத்தை நடத்தி வைத்த பாதர்தான்.

அவளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்தக் கை. குட்டையான, அகன்ற கை. நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். அது சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பேசும்போது எதிரில் நிற்பவளின் சேலைத் தலைப்பை இரண்டு விரலால் பிடித்துத் திருகிக்கொண்டே பேசுவாள். சந்தையில் கத்தரிக்காயைத் தடவுவாள், வெலிமடை மரக்கறி லொறியிலிருந்து இறங்கும் லீக்ஸைத் தடவுவாள், வாங்கப் போகாத புடவையையும் விரித்துத் தடவுவாள். அவர்கள் சைவக்காரர்கள். இருந்தும் ஒரு திருநாளுக்கு எங்களோடு கோயிலுக்கு வந்தவள் அந்தோனியார் சுரூபத்தின் பாதத்தைப் பிடித்துப் பார்த்து, “குளுகுளுன்னு இருக்காரு” என்றாள். யாராவது முறைத்தால் அவளிடம் எப்போதும் ஒரே பதில்தான் உண்டு.

“தொட்டா தேஞ்சா போயிரும்?”

ஒரு தடவை தோட்டத்துத் துரையின் கார் ஸ்டோர் வாசலில் நின்றது. அப்போதெல்லாம் வெள்ளைக்காரத் துரைதான். அந்தக் காரின் நிழலைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போவோம். இவள் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டு போனவள், போகிற போக்கில் காரின் மூக்கின்மேல் உள்ளங்கையை வைத்து நின்றுவிட்டாள். துரை வெளியே வந்தார். என் வீட்டுக்காரர் பின்னால் வந்தார், முகத்தில் ரத்தமில்லை. இவள் கையை எடுக்காமல், “மேட்டுல ஏறி ஏறி நல்லாச் சூடாயிருச்சுங்க தொர, பாவம்” என்றாள். துரைக்குத் தமிழ் தெரியும். சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு அதே இடத்தில் நான் கை வைத்திருந்தால் என் வீட்டுக்காரர் வேலை போயிருக்கும் என்று இன்றைக்கும் சொல்வேன். சில பேருக்கு மட்டும் எல்லாம் எப்படிச் செல்லுபடியாகிறது?

எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது அவள் முதல் நாள் என் வீட்டுக்கு வந்தபோதே. எங்கள் முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் சீதனமாக வந்த ரோசாப்பூ போட்ட தேநீர்க் கோப்பைகள். கலியாணமான நாள் முதல் அவற்றில் ஒருவரும் குடித்ததில்லை. துரை என்றைக்காவது வீட்டுக்கு வந்தால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். துரை வரவில்லை, இவள்தான் வந்தாள். நான் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அலமாரியைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு நிற்கிறாள்.

“ஐயோ டீமேக்கரம்மா, பாத்து!” என்றேன்.

“பாத்தேங்க. பாத்தா ஒன்னும் தெரியல, அதான் தொட்டேன். முட்ட ஓடு மாதிரியில்ல இருக்கு!”

என் இடுப்பில் பிலோமினா இருந்தாள். ஒன்றரை வயது. எங்கள் வாயில் அவள் பிலோ. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் எனக்குத் தங்கவில்லை. டீமேக்கரம்மா அந்தக் கோப்பையைப் பிள்ளையின் கன்னத்தில் ஒரு நிமிஷம் வைத்தாள். புது ஆளைக் கண்டால் வீட்டையே இரண்டாக்கும் பிள்ளை, கெக்கெக்கென்று சிரித்தது. பிறகு என் இடுப்பிலிருந்து அவள் பக்கம் சாய்ந்தது. நான் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

பிலோ நன்றாக நடக்கத் தொடங்கியதும் அவள் கால் போன திசை ஒன்றுதான். வேலியில் ஒரு ஓட்டை இருந்தது. காலையில் பால் குடித்த வாயைத் துடைப்பதற்குள் அந்த ஓட்டை வழியாக மறைந்துவிடுவாள்.

என் வீட்டில் பிலோ அதிகம் கேட்ட சொல் ‘தொடாத.’ அடுப்பைத் தொடாத, அரிவாள்மனையைத் தொடாத, அப்பாவின் மைக்கூட்டைத் தொடாத. நான் கொடுமைக்காரி இல்லை. இரண்டைப் புதைத்துவிட்டு மூன்றாவதை வைத்திருக்கிறவள் வேறு என்ன சொல்வாள்? டீமேக்கரம்மா வீட்டில் எல்லாவற்றையும் தொடலாம். மா பிசைந்தால் அதில் ஒரு உருண்டை பிலோவுக்கு. மெஷினில் தைத்தால் சக்கரத்தைச் சுற்றுவது பிலோ. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த அலாரம் கடிகாரத்தை ஒரு நாள் திருப்பிப் பிடித்து, பின்மூடியைக் கழற்றி, பாயில் வைத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளை கேட்டதாம். அதோடு அந்தக் கடிகாரம் நின்றது. டீமேக்கர் ஐயா விடியற்காலையில் எழுந்து ஸ்டோருக்குப் போக வேண்டிய மனிதர். அதற்குப் பிறகு ஸ்டோர் காவல்காரன்தான் தினமும் வந்து ஜன்னலைத் தட்டி எழுப்பினான்.

“நல்ல கடிகாரமாச்சே” என்று நான் கேட்டேன், சாடையாக.

“மணி காட்டுறது எல்லாக் கடிகாரமுந்தாங்க காட்டுது. இது உள்ளுக்க இருக்குறதக் காட்டிருச்சு” என்றாள்.

பிலோ சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலையில் மா, முழங்கையில் மெஷின் எண்ணெய், உடம்பெல்லாம் அந்த நாரத்தங்காய் வாசம். வெந்நீர் போட்டுச் சோப்புத் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். தேய்க்கிற தேய்ப்பில் பிள்ளை சிணுங்கும். வாசம் மட்டும் போகாது.

ஒரு நாள் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை அவள் பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தாள். பிலோ விரலை வைத்துவிட்டாள். அலறல் கேட்டு நான் ஓடினேன். அவள் ஏற்கெனவே விரலைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்திருந்தாள்.

“புள்ளையக் கொன்னுருவீங்க போல இருக்கே!” என்று கத்தினேன்.

“சூடு சூடுன்னு சொல்லிக்கிட்டேதாங்க இருந்தேன். சூடுன்னா என்னான்னு அதுக்கு எப்புடித் தெரியும்? இப்ப தெரிஞ்சிருச்சு. இனி வைக்காது.”

“ஒங்களுக்கு ஒன்னு இருந்தா இப்புடிப் பேச மாட்டீங்க.”

சொன்னேன். சொல்ல நினைத்ததைத்தான் சொன்னேன். அவள் முகம் ஒன்றும் மாறவில்லை. பிள்ளையின் விரலைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். நான் ஊத வாயைக் குவித்தேன். பிலோ கையை இழுத்துக்கொண்டு, “டீமேக்கரம்மா ஊதட்டும்” என்றாள்.

அந்த வாரம் முழுக்கப் பிலோவை வேலி தாண்ட விடவில்லை. ஓட்டையை முள்ளால் அடைத்தேன். ஒரு மத்தியானம் சத்தத்தையே காணோமே என்று பின்பக்கம் போனேன். பிலோ வேலியோரம் குந்தியிருக்கிறாள், கையை இலைகளுக்குள் முழங்கைவரை விட்டபடி. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அகன்ற கை வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. மெல்லச் சொல்வானேன், பற்றி எரிந்தது. மறுநாள் முள்ளை எடுத்துவிட்டேன். அடைத்து வைத்துப் பார்ப்பதைவிடத் திறந்துவிடுவது கொஞ்சம் மானமாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் அவள் பக்கம். “புள்ள இல்லாத பொம்பள, கொஞ்ச நேரம் கொஞ்சிட்டுப் போகட்டுமே. ஒனக்கு என்னா கொறஞ்சு போகுது?” என்பார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி வேறு எடுத்துவிடுவார். சரி, அவளுக்குத்தான் தன் பிள்ளை இல்லையே. அப்படியென்றால் அவள் ஊட்டுகிற ஊட்டெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது? இதைக் கேட்டால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

பிலோவுக்கு ஐந்து வயது நடக்கும்போது அந்தக் கண்காட்சி வந்தது. பதுளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மாஸ்டர்மார் சிலர் சேர்ந்து சிறுபிள்ளைகளுக்கென்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அங்கே வைத்திருக்கும் சாமான் எதையும் பிள்ளைகள் தொடலாம், சுற்றலாம், இழுக்கலாம், அடிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சனிக்கிழமை குடும்பமாகப் போகலாம் என்றார். எனக்கும் ஆசைதான். நாங்கள் மூன்று பேரும் மட்டும் எங்கேயாவது போய் எத்தனை நாளாயிற்று. பிலோவுக்குப் புதுச் சட்டை தைத்தேன். வெள்ளிக்கிழமை அவர் சாவகாசமாகச் சொன்னார்:

“டீமேக்கருக்கு லீவு இல்லியாம், கொழுந்து குமிஞ்சு கெடக்கு. அந்தம்மா ஒத்தையில இருக்கும். நம்மளோட வரச் சொல்லிட்டேன்.”

இதற்குப் பெயர் குடும்பமாகப் போவதா?

பஸ்ஸில் பிலோ அவள் மடியில். நான் விடிய எழுந்து புளிச்சோறு கட்டி, முட்டை அவித்து எடுத்துப் போனேன். அவள் ரொட்டியும், காய்ந்த மிளகாயை இடித்துச் செய்த கட்டச்சம்பலும் கொண்டு வந்தாள். பள்ளிக்கூட மரத்தடியில் பிரித்தோம். கட்டச்சம்பல் என்றால் நெருப்பு, சிறு பிள்ளை தின்கிற சாமானா அது? பிலோ கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுக அந்த ரொட்டியைத் தின்றாள். என் முட்டை அவருடைய வயிற்றுக்குத்தான் போயிற்று.

மண்டப வாசலில் பெரிய பலகை. ‘தொட்டுப் பாருங்கள்’ என்று தமிழிலும் மற்ற இரண்டு பாஷையிலும் எழுதியிருந்தது. டீமேக்கரம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். வாசித்து முடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“கிளாக்கரம்மா, நெசமாவே அப்புடித்தான் போட்டிருக்கா?”

“அப்புடித்தான் போட்டிருக்கு.”

“எனக்குன்னு சொல்லியே எழுதுன மாதிரி இருக்கு” என்று அந்தப் பலகையையே ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே ஒரே இரைச்சல். கையால் சுற்றினால் பல்ப் எரிகிற யந்திரம் ஒன்று. என் வீட்டுக்காரர் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, அதைப் பிள்ளைகளோடு போட்டி போட்டுச் சுற்றினார். ஆணிகளை அள்ளுகிற காந்தம், ஆளை இழுத்து நீட்டுகிற கண்ணாடி, கதவு அகலத்துக்கு விரித்துப் போட்ட மலைப்பாம்புத் தோல். பிலோ தோலின் மேல் கையை வைக்கப் போனாள்.

“தொடாத!” என்றேன்.

பழக்கம். வேறென்ன. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பலகையைக் காட்டிச் சிரித்தார்கள். டீமேக்கரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிலோவின் கையைப் பிடித்துத் தோலின்மேல் வைத்து, ஒரு முறை வால் பக்கமாகவும் ஒரு முறை தலைப் பக்கமாகவும் தடவ வைத்தாள். “இந்தப் பக்கம் வழுக்குது, அந்தப் பக்கம் சொரசொரங்குது, பாத்தியா?” என்றாள். பிலோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தது டெலிபோன். ஒரு அறையில் ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு அறையில் ஒன்று. நடுவில் கம்பி. தோட்டத்தில் ஆபீஸிலும் பங்களாவிலும் மட்டும்தான் டெலிபோன். அதை நாங்கள் ஒருவரும் தொட்டதில்லை. டீமேக்கரம்மா அந்தப் பக்க அறைக்குப் போனாள். நான் பிலோவைத் தூக்கி நாற்காலியில் நிற்க வைத்து, குழலை அவள் காதில் பிடித்தேன். குழலுக்கு வெளியே எனக்கே அந்தக் குரல் கேட்டது.

“யாரு பேசுறது?”

“பிலோ.”

“நான் டீமேக்கரம்மா பேசுறேன். எங்க இருக்கேன், கண்டுபுடி பாப்போம்!”

பிலோவின் முகம் பல்ப் எரிந்த மாதிரி ஆயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஓவென்று அறைக்குள் நுழைந்தது. என் கையில் அவருடைய கோட்டு, தோளில் சோற்றுப் பை. ஒருவன் என்னை இடித்தான். நான் பையைப் பிடித்து நிமிர்ந்தபோது நாற்காலியில் பிள்ளை இல்லை. குழல் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

சுவரைச் சுற்றி அந்த அறைக்கு ஓடினேன். அங்கே டீமேக்கரம்மா தனியாகக் குழலைப் பிடித்து, “ஹலோ, ஹலோ” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“புள்ள எங்க?”

“ஒங்ககிட்டதானே இருந்துச்சு!”

அவள் ஒரு பக்கம் ஓடினாள், நான் ஒரு பக்கம் ஓடினேன். அந்த ஓட்டத்தை என்னால் எழுத முடியாது. மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. அதை எட்டிப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே பஸ் ரோட்டு. ரோட்டைப் பார்த்தேன். தங்காமல் போன இரண்டு பிள்ளைகளின் முகங்களும் வரிசையாக வந்தன. மாதாவே, இதையாவது விட்டுவை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். அவருடைய கோட்டை எங்கே போட்டேன் என்றே தெரியவில்லை.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

“கவனியுங்கோ. பிலோமினா எண்டொரு சின்னப் பிள்ளை தவறிப்போய் எங்களிட்ட நிக்கிறா. ரீமேக்கர் அம்மா எங்க நிண்டாலும் உடன வாசல் மேசையடிக்கு வாங்கோ. ரீமேக்கர் அம்மா, உங்கட மகள் உங்களைத் தேடுறா.”

பேசியவர் யாழ்ப்பாணத்து மாஸ்டர், அவர் வாயில் ‘டீ’ ‘ரீ’ ஆகிவிடும். தோட்டத்து வழக்கம் அவருக்கு எங்கே தெரியும்? யாரைத் தேடுகிறாய் பிள்ளை என்று கேட்டிருப்பார். இவள் டீமேக்கரம்மா என்றிருப்பாள். அம்மா என்று அதில் இருக்கிறதே, அவருக்கு அது போதும்.

பிள்ளை கிடைத்துவிட்டது என்று நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது. அடுத்த கணமே அந்த ‘உங்கட மகள்’ வந்து குத்தியது. பதுளை முழுக்கக் கேட்கும்படி அதை இரண்டாம் தரமும் சொன்னார்.

நான் மேசையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளும் மறுபக்கத்திலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பிலோ மேசைமேல் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் நிறைய டொபி மிட்டாய். கன்னத்தில் காய்ந்த கண்ணீர்க் கோடு. மாஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதில ஆர் ரீமேக்கர் அம்மா?”

நல்ல மனிதர். தவறிய பிள்ளையைக் கண்டவர்களிடம் கொடுக்கக் கூடாதென்று கவனமாகக் கேட்கிறார். நான் கிளாக்கரம்மா, இந்தப் பிள்ளையைப் பெற்றவள், பக்கத்தில் நிற்பவள்தான் டீமேக்கரம்மா, ஆனால் அவள் இதற்கு அம்மா இல்லை, எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி முடிப்பதற்குள் பிலோ இரண்டு கையையும் நீட்டினாள். வாயில் டொபி இருந்ததால் பேச்சு வரவில்லை. நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அந்தக் கை யாரை நோக்கி நீண்டது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

“நான்தான்” என்றேன். “நான்தான் டீமேக்கரம்மா.”

மாஸ்டர் அவளைப் பார்த்தார். “அப்ப நீங்கள்?”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். எதைக் கண்டாலும் கை வைக்கிறவள், துரையின் காரையும் அந்தோனியாரின் காலையும் விடாதவள், தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் கை அவளுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

“நான் பக்கத்து வீடுங்க,” என்றாள். “அவங்கதான் டீமேக்கரம்மா. புள்ளையக் குடுங்க, பயந்து போயிருக்காங்க.”

நான் பிலோவை அள்ளிக்கொண்டேன். டொபியை ஒதுக்கிக்கொண்டு அவள் என் காதில் சொன்னாள்: “அம்மா, டெலிபோனுக்குள்ள டீமேக்கரம்மா இருந்தாங்க. தேடிப் போனேன், காணோம்.”

அம்மா என்றுதான் சொன்னாள். அது போதாதா என்று கேட்பீர்கள். போதவில்லை. என் பிள்ளை என் கையில் வந்ததே அவள் கொடுத்துத்தான் என்பது போல ஆகிவிட்டதே. பறித்துக்கொண்டு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதற்குள் என் வீட்டுக்காரர் வந்தார். இரைச்சலில் டீமேக்கரம்மாவைக் கூப்பிட்டது மட்டும் காதில் விழுந்ததால் தனக்கில்லை என்று பல்பைச் சுற்றிக்கொண்டே இருந்தாராம். “கோட்டு எங்க?” என்றார். அன்றைக்கு அவர் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்தாள். பிலோ என் தோளில் தூங்கிவிட்டாள். டீமேக்கரம்மா என் சேலைத் தலைப்பை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள்.

“என் பேர எடுத்துக்கிட்டீங்களே, கிளாக்கரம்மா.”

எனக்கு முகம் சுட்டது. “வேற என்னா செய்யச் சொல்றீங்க?” என்றேன்.

“ஒன்னுமில்லீங்க. வச்சுக்குங்க. தொட்டா தேஞ்சா போயிரும்?” என்று சிரித்தாள். சிரிப்பில் குத்தல் இருக்கிறதா என்று நான் துருவித் துருவிப் பார்த்தேன். இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதற்குப் பிறகு அந்தக் கையில் ஒரு வித்தியாசம் வந்தது. ஊர்ச் சாமானையெல்லாம் முன்போலவே தொட்டாள். பிலோவை மட்டும், நான் பக்கத்தில் இருந்தால் தொட மாட்டாள். பிள்ளை ஓடிப்போய் முழங்காலைக் கட்டிக்கொண்டால் கையைப் பின்னால் கொண்டுபோய்விட்டு, “அம்மாகிட்ட கேட்டியா?” என்பாள். கேட்டால் நான் வேண்டாம் என்றா சொல்வேன்? சொல்ல முடியாத மாதிரி என்னை ஆக்கிவிட்டாள்.

அடுத்த வருஷம் டீமேக்கருக்குப் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. லொறியில் சாமான் ஏற்றினார்கள். அந்த ஓடாத கடிகாரமும் ஒரு கூடைக்கு மேலே உட்கார்ந்து போயிற்று. பிலோ வேலி ஓட்டையில் நின்று அழுதாள். நான் தூக்கினால் உதைத்தாள். டீமேக்கரம்மா லொறியின் முன்பக்கம் ஏறி, கதவின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அப்போது ஒரு நிமிஷம், உங்க பேர் என்னங்க என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பெயர் ஒன்று தெரிந்துவிட்டால் அவள் இன்னும் ஒரு இடம் அதிகமாகப் பிடித்துக்கொள்வாள் என்று தோன்றிற்று. லொறி போனதும் வேலி ஓட்டையை நன்றாக அடைத்தேன். பிலோ ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினாள். சின்னப் பிள்ளைகள் மறந்துவிடும், நல்ல காலம்.

பென்சனுக்குப் பிறகு நாங்கள் பதுளையிலேயே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். கண்ணாடி அலமாரியும் ரோசாப்பூக் கோப்பைகளும் கூடவே வந்தன. போன நத்தார் பண்டிகைக்குப் பிலோ தன் மகனோடு வந்தாள். அவனுக்கு நாலு வயது. முன்னறையில் சத்தமில்லையே என்று எட்டிப் பார்த்தால், அலமாரியைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டு நிற்கிறான்.

“டேய், தொடாத!” என்று கத்திவிட்டேன்.

குசினியிலிருந்து பிலோ சிரித்தாள். “விடுங்கம்மா. தொட்டா தேஞ்சா போயிரும்?”

அந்தக் குரலில் அந்த இழுப்பு அப்படியே இருந்தது.

“இது யாரு சொல்ற பேச்சு, தெரியுமா ஒனக்கு?” என்று கேட்டேன்.

“யாரு? நீங்கதாம்மா. சின்னதுல எப்பப் பாத்தாலும் இதத்தானே சொல்லுவீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே, கடிகாரத்தக்கூடக் கழட்டிப் பாயில போட்டு வெளையாடக் குடுத்தீங்களே. கை சுட்டப்ப தண்ணிக்குள்ள புடிச்சிக்கிட்டு இருந்தீங்களே. அந்த மாதிரி அம்மா யாருக்குக் கெடைக்கும்? நான் என் கூட்டாளிககிட்ட எல்லாம் சொல்லுவேன்.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். அவள் கண்ணில் அவ்வளவு பிரியம். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. அது யாருக்கு உரிய பார்வை என்று எனக்குத் தெரியும். வயிறு பழையபடி பற்றிக்கொண்டது. அந்தப் பொம்பிளை எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ, இத்தனை வருஷம் கழித்தும் என் வீட்டு முன்னறையில் வந்து நிற்கிறாள், என் பெயரை வைத்துக்கொண்டு.

பேரன் கோப்பையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பிலோ என் பதிலுக்காகச் சிரித்தபடி நின்றாள்.

“ஆமா,” என்றேன். “நான்தான்.”